இந்த நிலை சதுரங்க ஆட்டத்தில் வந்திருக்க முடியுமா? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

கோலாலம்பூரில் வார இறுதி விரைவுச் சதுரங்கப் போட்டி முடிந்த மாலையில் வாட்ஸ்அப்பில் ஒரு பலகைப் படம் வரும். கூடவே ஒரு கேள்வி: “சார், இப்படி வர முடியுமா?” பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் வகுப்பு எடுப்பவர்கள், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதிர்த்தாள் தயாரிப்பவர்கள், மண்டபத்தில் நடுவருக்குக் கைகொடுக்கும் பெற்றோர் ஆகியோர் பயன்படுத்துவதற்காக இந்த வழிமுறை. பலகையில் எது உறுத்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

முடியாது என்று சொல்ல ஒரே ஒரு முரண் போதும். முடியும் என்று சொல்ல, தொடக்க நிலையிலிருந்து அங்கே போய்ச் சேரும் ஆட்டம் ஒன்றைக் காட்ட வேண்டும். இரண்டும் கையில் இல்லாவிட்டால் “முரண் எதுவும் தென்படவில்லை” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே யானை என்றால் மூலையில் நிற்கும் காய். பள்ளியில் மலாயில் பிஷப்பை ‘காஜா’ (யானை) என்று சொல்லிப் பழகிய பிள்ளையிடம் சாட்சி கேட்கும்போது காயைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு தாளில் நான்கைக் குறியுங்கள்: யார் நகர்த்த வேண்டும், வெள்ளை எந்தப் பக்கம், இரு தரப்பிலும் காணாமல் போன காய்கள் எவை, அசையாத சிப்பாய்கள் எவை. 2ஆம் கிடைவரிசையில் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் அசையவே இல்லை என்று எழுதிவிடலாம். சிப்பாய் பின்னால் வராது, வேறு சிப்பாய் அந்த வரிசைக்கு வரவும் வழியில்லை. 7ஆம் கிடைவரிசைக் கறுப்புச் சிப்பாய்க்கும் அதேதான். கீழே வரும் தீர்ப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குறிப்பில்தான் நிற்கின்றன.

அறிகுறி: பார்த்ததும் ஏதோ உறுத்துகிறது, எது என்று பிடிபடவில்லை

முதல் சந்தேகம் படத்தின் மேல். கறுப்புப் பக்கத்திலிருந்து எடுத்த படத்தை வெள்ளைப் பக்கம் என்று நினைத்துப் படித்தால் சிப்பாய்கள் எல்லாம் தலைகீழாக ஓடும். வினைல் விரிப்பின் ஓரத்து எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். ஓரம் படத்தில் வெட்டுப்பட்டிருந்தால், அசையாத சிப்பாய் வரிசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடுங்கள்.

அடுத்தது பலகையின் திசை. வெள்ளை ஆடுபவரின் வலது மூலையான எச்1 வெளிர் கட்டமாக இருக்க வேண்டும். கருங்கட்டம் வலது மூலையில் இருந்து, பிள்ளைகள் “ராணி தன் நிறத்தில்” என்ற பாடத்தை மட்டும் பின்பற்றி அடுக்கியிருந்தால், மொத்த நிலையும் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். பலகை மட்டும் திரும்பி, காய்கள் இடவலம் சரியாக அடுக்கப்பட்டிருந்தால், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி நிலையைச் சரியான பலகைக்கு மாற்றி ஆட்டத்தைத் தொடரலாம்.

மூன்றாவது, தொடக்க அடுக்கே தவறு. ஒரு தரப்பில் மட்டும் ராஜாவும் ராணியும் இடம் மாறுவது சகஜம். அசையாத இரு ராஜாக்களும் வெவ்வேறு நெடுவரிசையில் நின்றால் அதுதான். குதிரையும் பிஷப்பும் இடம் மாறியிருந்தால், ஏ2, சி2 சிப்பாய்கள் அசையாமல் நிற்க பி1இல் ஒரு வெள்ளை பிஷப் உட்கார்ந்திருக்கும். அந்தக் கூண்டுக்குள் பிஷப் நுழைய வழியே இல்லை.

நடுவரைக் கூப்பிடும் கட்டம்: தொடக்க அடுக்கு தவறு என்று தெரிந்த உடனே. நீண்ட நேர ஆட்டத்தில் அந்த ஆட்டம் ரத்தாகி, புதிதாகத் தொடங்க வேண்டும். ஒரு நடுவர் மூன்று ஆட்டங்களுக்கு மேல் பார்த்துக்கொள்ளும் விரைவுப் போட்டியில், இரு தரப்பும் தலா 10 நகர்வு முடித்துவிட்டால் அடுக்கைப் பற்றிய புகார் செல்லாது. தவறான இடத்தில் வைத்த ராஜாவுக்குக் காஸ்லிங் (ராஜா யானைப் பக்கம் இரண்டு கட்டம் போக, யானை அதைத் தாண்டி வந்து நிற்கும் நகர்வு) மட்டும் கிடையாது.

அறிகுறி: செக் தப்பான ஆளுக்கு நிற்கிறது

இரு ராஜாக்களுக்கும் ஒரே நேரத்தில் செக், அல்லது இப்போது நகர்த்த வேண்டியவர் வெள்ளையாக இருக்க, கறுப்பு ராஜாவுக்குச் செக். இரண்டும் முடியாத நிலைகள். ராஜாக்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் நிற்பதும் இதே வகை.

புதிர்த்தாளில் என்றால் முதலில் “யார் முறை” என்ற குறிப்பை மாற்றிப் பாருங்கள். தட்டச்சில் அது ஒன்றுதான் பிசகியிருக்கும். பிறகு பக்கத்துக் கட்டத்துக்கு நழுவிய காய்: செக் கொடுக்கும் காயை ஒரு கட்டம் தள்ளி வைத்தால் எல்லாம் இயல்பாகிறதா என்று பாருங்கள். மெல்லிய விரிப்பில் கடிகாரத்தை அடிக்கும் கை பட்டே காய் நகர்ந்துவிடும். மூன்றாவதுதான் உண்மையான விதிமீறல்: செக்கைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்தியிருக்கிறார்கள்.

நீண்ட நேர ஆட்டத்தில், நகர்வுகளை எழுதிவந்த குறிப்பேட்டை வைத்து, தவறு நடப்பதற்கு முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அது தெரியாவிட்டால், உறுதியாகத் தெரிந்த கடைசி நிலைக்கு. முதல் விதிமீறலுக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதல், அதே ஆள் மறுபடி செய்தால் ஆட்டம் போகும். மேற்பார்வை குறைந்த விரைவு ஆட்டத்தில் எதிராளி அடுத்த நகர்வைச் செய்துவிட்டால் அந்த விதிமீறல் அப்படியே நின்றுவிடும். ஆகவே இங்கே “முடியாத நிலை” ஒன்று நாற்பது நகர்வு உயிரோடு இருக்கலாம், யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இரு ராஜாவுக்கும் செக் இருப்பதையோ, கடைசி வரிசையை அடைந்த சிப்பாய் சிப்பாயாகவே நிற்பதையோ நடுவர் பார்த்தால், அடுத்த நகர்வு முடியும் வரை காத்திருப்பார். அப்போதும் கோளாறு பலகையில் இருந்தால் ஆட்டம் சமன்.

இதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் பின்னால் நிற்கும் அப்பாவோ அம்மாவோதான். பார்வையாளர் நடுவரிடம் மட்டுமே சொல்லலாம். ஆடும் பிள்ளையிடம் கண்ணைக் காட்டினால்கூடச் சிக்கல்.

கிளை: செக் இல்லை, ஆனால் யார் முறை என்பதில் தகராறு

ஒரு வெட்டும் நடக்காமல், ஒரு சிப்பாயும் அசையாமல் இருந்தால் இதைக் கணக்குப் போட்டே தீர்க்கலாம். அப்போது வெளியே வரக்கூடியவை குதிரைகள் மட்டும். யானை தன் மூலைக்கும் குதிரை விட்டுப்போன பக்கத்துக் கட்டத்துக்கும் இடையே போய்வரும், அவ்வளவுதான். குதிரையானாலும் யானையானாலும் ஒவ்வொரு நகர்விலும் கட்டத்தின் நிறம் மாறும். எனவே யானைகள் மூலையில் இருக்க, வெள்ளைக் குதிரைகள் இரண்டும் ஒரே நிறக் கட்டங்களில் நின்றால் வெள்ளை செய்தது ஒற்றைப்படை நகர்வுகள். வேறு வேறு நிறத்தில் நின்றால் இரட்டைப்படை. கறுப்புக்கும் அப்படியே. எஃப்3இல் ஒரு வெள்ளைக் குதிரை, மற்ற 31 காயும் தொடக்க இடத்தில்: வெள்ளை ஒற்றை, கறுப்பு இரட்டை, ஆகவே கறுப்பின் முறை. “வெள்ளை நகர்த்தி வெல்க” என்று தாளில் இருந்தால் அந்த நிலை வந்திருக்கவே முடியாது. 32 காயும் தொடக்க இடத்தில் இருக்க, “கறுப்பின் முறை” என்பதும் அதே காரணத்தால் முடியாதது.

அறிகுறி: காய்கள் கூடுதலாக இருக்கின்றன

ஒரு தரப்பில் 16க்கு மேல், 8க்கு மேல் சிப்பாய், முதல் அல்லது கடைசிக் கிடைவரிசையில் சிப்பாய்: இவை எண்ணினாலே முடிந்துவிடும். வகுப்பில் காரணம் ஒன்றுதான், இரண்டு செட்டுகள் ஒரே துணிப்பைக்குள் கலந்துவிட்டன.

16க்குள் இருந்தும் சந்தேகமானால் மிகையை எண்ணுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ராணி, இரண்டுக்கு மேற்பட்ட யானை, இரண்டுக்கு மேற்பட்ட குதிரை, வெளிர் கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பிஷப், கருங்கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பிஷப். கடைசி வரிசையை அடைந்த சிப்பாய் வேறு காயாக மாறுவதால்தான் (பதவி உயர்வு) மிகை வரும்; ஆகவே இந்த மிகைகளின் மொத்தம், காணாமல் போன சிப்பாய்களின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. 7 சிப்பாய், 2 ராணி, 3 குதிரை என்றால் மிகை 2, போன சிப்பாய் 1. முடியாது.

அதிகம் ஏமாற்றுவது பிஷப். இரண்டு பிஷப்தானே என்று கண் கடந்து போய்விடும். இரண்டும் ஒரே நிறக் கட்டத்தில், கூடவே 8 சிப்பாயும் இருந்தால் அது முடியாத நிலை. விழுந்த பிஷப்பை எடுத்து அடுத்த கட்டத்தில் வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது யானை தென்பட்டால் அது தலைகீழாக நிற்கிறதா என்று பாருங்கள். கூடுதல் ராணி இல்லாத செட்டுகளில் யானையைக் கவிழ்த்து வைத்து ராணி என்று ஆடுவது இங்கே பிள்ளைகளிடம் ஊறிப்போன பழக்கம். போட்டியில் கவிழ்ந்த யானையும் யானைதான். ராணி கையில் இல்லாவிட்டால் கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

மிகைக் கணக்கு தேறினாலும் சிப்பாய் போன பாதையையும் பார்க்க வேண்டும். ஏ7 முதல் எச்7 வரை எட்டுக் கறுப்புச் சிப்பாயும் அசையாமல் நிற்க, வெள்ளைக்கு இரண்டு ராணி என்றால் முடியாது: 7ஆம் கிடைவரிசையில் காலடி வைக்காமல் 8க்குப் போக வழி ஏது?

விநோதமாக இருப்பதாலேயே முடியாது என்று தள்ளிவிடாதீர்கள். 1964இல் நெனாத் பெட்ரோவிச் அமைத்த நிலையில் வெள்ளைக்கு ஒன்பது ராணி, நகர்த்த 218 வழி. அது முறையான நிலைதான். வெள்ளையின் சிப்பாய் எட்டும் போய்விட்டன, மிகையும் சரியாக எட்டு.

அறிகுறி: சிப்பாய்கள் ஒரே பக்கம் குவிந்திருக்கின்றன

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. சிப்பாய் நெடுவரிசை மாற ஒரே வழி வெட்டுவது. ஒவ்வொரு வெட்டுக்கும் எதிரியின் ஒரு காய் போயிருக்க வேண்டும். செலவையும் இருப்பையும் ஒப்பிடுவதுதான் வேலை.

முதல் படி, ஒவ்வொரு சிப்பாயும் எந்த நெடுவரிசையில் பிறந்தது என்று எழுதி, மிகக் குறைந்த வெட்டு எத்தனை என்று கூட்டுங்கள். ஒரு வெட்டுக்கு ஒரு கட்டம் முன்னேறியே ஆக வேண்டும் என்பதால் 3ஆம் கிடைவரிசையில் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் பக்கத்து நெடுவரிசைக்கு மேல் தள்ளி வந்திருக்காது. ஏ2 முதல் ஏ7 வரை ஆறு வெள்ளைச் சிப்பாய் வரிசையாக நின்றால் வெட்டு 0, 1, 2, 3, 4, 5, மொத்தம் 15. கறுப்பு ராஜாவைத் தவிர இன்னொரு கறுப்புக் காய் பலகையில் இருந்தால்கூட அந்த நிலை அவுட்.

இரண்டாவது படி, காணாமல் போன எதிரிக் காய்களை எண்ணுங்கள். செலவு கூடினால் கதை முடிந்தது. சமமாகவோ குறைவாகவோ இருந்தால் மூன்றாவது படி: அந்தப் பலிகள் உண்மையிலேயே அந்தக் கட்டங்களுக்கு வந்திருக்க முடியுமா?

ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். வெள்ளைச் சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, சி3, எஃப்2, எஃப்3, ஜி2, எச்2. கறுப்புக்கு 14 காய். போனவை ஒரு குதிரையும் வெளிர் கட்ட பிஷப்பும். கறுப்பின் பி7, டி7 சிப்பாய்கள் அசையவில்லை. சி3 சிப்பாய் எங்கிருந்து வந்தது? பி2, சி2 இரண்டும் வீட்டிலேயே இருக்கின்றன. ஆகவே டி2இலிருந்து ஒரு வெட்டு. எஃப்3க்கும் அப்படியே, இ2இலிருந்து ஒரு வெட்டு. செலவு 2, போனதும் 2. மேலோட்டமாகப் பார்த்தால் கணக்கு நேர். ஆனால் கறுப்பின் வெளிர் கட்ட பிஷப் பிறந்த இடம் சி8; பி7உம் டி7உம் அசையாததால் அது வெளியே வந்ததே இல்லை, சி8இலேயே ஏதோ ஒரு வெள்ளைக் காயிடம் உயிரை விட்டது. எனவே சிப்பாய்களுக்குக் கிடைத்த பலி குதிரை ஒன்றுதான், வெட்டோ இரண்டு. முடியாத நிலை.

இந்தக் கூண்டுக் கழிவை மறந்துவிட்டுத்தான் பலர் “கணக்கு சரியாக இருக்கிறதே” என்று நிற்கிறார்கள். அதோடு வெட்டு நடந்த கட்டத்தின் நிறத்தையும் பாருங்கள். எல்லா வெட்டும் கருங்கட்டத்தில் நடந்திருந்தால், வெளிர் கட்ட பிஷப் அதற்குப் பலியாகியிருக்காது. ஏ1 கருங்கட்டம்; எழுத்தை எண்ணாக்கி (ஏ = 1, பி = 2) கிடைவரிசையோடு கூட்டினால், இரட்டைப்படை கருப்பு, ஒற்றைப்படை வெளிர். படம் மங்கலாக இருக்கும்போது இது கைகொடுக்கும்.

பலி ஒரு சிப்பாயாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வெள்ளைக்கு 16 காயும் உண்டு, சிப்பாய்கள் ஏ2, ஏ3, சி2 முதல் எச்2 வரை. கறுப்புக்குப் போனது எச் நெடுவரிசைச் சிப்பாய் மட்டும். பி2 சிப்பாய் ஏ3இல் எதையோ வெட்டியிருக்கிறது. கறுப்பின் எச் சிப்பாய் எப்படி ஏ3க்கு வரும்? வெள்ளை எதையும் இழக்கவில்லை, எனவே கறுப்பு எதையும் வெட்டவில்லை, எனவே அந்தச் சிப்பாய் எச் நெடுவரிசையை விட்டு நகரவில்லை. ராணியாகி வரலாம் என்றால் எச்2இல் வெள்ளைச் சிப்பாய் வழிமறித்து நிற்கிறது. கதவு எல்லாம் அடைத்தாயிற்று.

கைமாற்றிவிடும் கட்டம்: செலவும் இருப்பும் துல்லியமாகச் சமமாகி, நிறமும் கூண்டும் பொருந்தி, பலிகளில் ராணியான சிப்பாய்களும் கலந்திருந்தால் தாள் கணக்கு போதாது. கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: வர வழியில்லாத கட்டத்தில் காய் நிற்கிறது

பி2, டி2 அசையாவிட்டால் சி1 பிஷப் கைதி. இ2, ஜி2 அசையாவிட்டால் எஃப்1 பிஷப் கைதி. கறுப்புக்கு பி7, டி7க்குள் சி8. இ7, ஜி7க்குள் எஃப்8. கூண்டு பூட்டியிருக்க, அதே நிற பிஷப் பலகை நடுவில் உலவினால் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். வெள்ளைச் சிப்பாய் ஒன்றாவது குறைந்திருந்தால், அசல் பிஷப் வீட்டிலேயே வெட்டுப்பட, சிப்பாய் ஒன்று பிஷப்பாகியிருக்கலாம். எட்டுச் சிப்பாயும் இருந்தால் முடியாது.

மூலை பிஷப் இன்னும் சுலபம். பி2இல் வெள்ளைச் சிப்பாய் அசையாமல் நிற்க, ஏ1இல் வெள்ளை பிஷப்: ஏ1க்குப் போகும் ஒரே மூலைவிட்டம் பி2 வழியாகத்தான், அது பிறந்ததிலிருந்தே அடைப்பு. முடியாது. அதே ஏ1இல் கறுப்பு பிஷப் நின்றால்? ஏ2இலிருந்து கறுப்புச் சிப்பாய் ஏ1க்கு இறங்கி பிஷப்பாகியிருக்கலாம். கறுப்புக்கு ஒரு சிப்பாயாவது குறைகிறதா, ஏ2 அதற்குத் திறந்திருந்ததா என்று மட்டும் பாருங்கள்.

யானைக்கு: எஃப்1 பிஷப் கூண்டில், எச்2உம் வீட்டில் என்றால் எச்1 யானை எச்1, ஜி1 இரண்டு கட்டத்தைத் தாண்டாது. வெளியே திரிவது ஏ1 யானை, அல்லது ராணியாகாமல் யானையான சிப்பாய்.

அறிகுறி: செக் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை

செக் நிற்கிறது என்றால் எதிராளியின் கடைசி நகர்வில்தான் அது பிறந்தது. அந்த நகர்வைப் பின்னோக்கி எடுங்கள். எடுக்க முடியாவிட்டால் நிலை முடியாதது.

அசையாத சிப்பாய் செக் கொடுக்கிறதா? இ2இல் வெள்ளைச் சிப்பாய், டி3இல் கறுப்பு ராஜா. சிப்பாய் நகரவில்லை, வேறு காய் விலகியதால் சிப்பாயின் செக் திறப்பதும் கிடையாது. ராஜா தானே நடந்து செக்குக்குள் போயிருக்கிறது. முடியாது.

யானை, பிஷப், ராணி என்றால் பின்வாங்கும் கட்டங்களைத் தேடுங்கள். வெள்ளை யானை இ1, கறுப்பு ராஜா இ8, இடையே காலி. டி1இல் வெள்ளை ராணி, எஃப்1இல் பிஷப், ஜி1இல் ராஜா. யானை பக்கவாட்டில் வந்திருக்க முடியாது, இரு பக்கமும் அடைப்பு. இ நெடுவரிசையிலேயே மேலே கீழே நகர்ந்திருந்தால் முன்பே செக் நின்றிருக்கும். எனவே இடையில் இருந்த ஏதோ ஒன்று விலகியிருக்கிறது. இ2இலிருந்து ராணி டி1க்குத் திரும்பியிருக்குமா? இ2இல் இருந்த ராணியே செக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கும், ஆகாது. பிஷப் இ2இலிருந்து எஃப்1க்குத் திரும்பியதா? தாராளமாக, ஆட்டங்களில் அன்றாடம் நடப்பது. கடைசி நகர்வு வெட்டாகவும் இருக்கலாம் என்பதால், காயைப் பின்னால் எடுக்கும்போது அது நின்ற கட்டத்தில் எதிரிக் காய் ஒன்றை வைத்தும் பாருங்கள். நல்ல நிலைகளைத் தவறாகத் தள்ளுவது இந்த ஒன்றை விட்டுவிடுவதால்தான்.

ஒரே ராஜாவுக்கு மூன்று காய் செக்: முடியாது.

இரண்டு காய் செக்: நகர்ந்த காய் ஒன்று, அது விலகியதால் வழி திறந்தது இன்னொன்று. திறப்பது யானை, பிஷப், ராணியாகத்தான் இருக்கும். இரண்டு குதிரை, இரண்டு சிப்பாய், குதிரையும் சிப்பாயும் என்றால் முடியாது. இரண்டு ராணி, இரண்டு யானை, இரண்டு பிஷப் ஒன்றாகச் செக் கொடுத்தால், சிப்பாய் கடைசி வரிசையில் காயாக மாறிய நகர்வா அல்லது ஆன் பாசானா (இரட்டைப் படி எடுத்துப் பக்கத்தில் வந்த எதிரிச் சிப்பாயை அடுத்த நகர்விலேயே, அது ஒரு படிதான் எடுத்ததுபோல் வெட்டுவது) என்று பாருங்கள். சாதாரண நகர்வில் அது வராது: பின்னால் இருந்த ராணிக்கு வழிமறித்து நின்ற முன் ராணி அதே கோட்டில் ஏற்கெனவே செக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கும். யானை ஏ7இல், வெள்ளைச் சிப்பாய் டி7இல், கறுப்பு ராஜா இ7இல் இருக்க, சிப்பாய் இ8இல் வெட்டி யானையானால் இரட்டை யானைச் செக் கிடைக்கும். எனவே இரண்டு யானைச் செக்கைப் பார்த்ததும், ஒன்றாவது கடைசி வரிசையில் நிற்கிறதா என்பது முதல் கேள்வி.

அறிகுறி: காஸ்லிங், ஆன் பாசான் உரிமையில் சர்ச்சை

போட்டி ஆட்டம் என்றால் குறிப்பேடுதான் சாட்சி, ஆராய்ச்சி வேண்டாம். புதிரில் மரபு வேறு: ராஜாவோ யானையோ நகர்ந்தது என்று நிரூபிக்க முடியாதவரை காஸ்லிங் செல்லும், கடைசி நகர்வு அந்தச் சிப்பாயின் இரட்டைப் படிதான் என்று நிரூபித்தால் மட்டுமே ஆன் பாசான் செல்லும். இரண்டுக்கும் நிரூபிக்கும் சுமை எதிரெதிர்ப் பக்கம் என்பதை மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காஸ்லிங்கை மறுக்க நல்ல ஆயுதம், எதிரியின் காயாக மாறிய சிப்பாய். கறுப்புக்கு மூன்று குதிரை, வெள்ளை ராஜா இ1இல். வெள்ளையின் ஏ2, பி2, சி2, இ2, ஜி2, எச்2 அசையவில்லை. கறுப்புச் சிப்பாய் முதல் வரிசைக்கு இறங்க டி2 அல்லது எஃப்2 மட்டுமே திறந்த வழி. இரண்டிலிருந்தும் அது இ1ஐத் தாக்கும். சிப்பாயின் செக்கை மறைக்க முடியாது, அதை வெட்டவும் இல்லை (வெட்டியிருந்தால் மூன்றாவது குதிரை ஏது?). ராஜா விலகித்தான் ஆக வேண்டும். இல்லை, ஏற்கெனவே இ1இல் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். எப்படியானாலும் காஸ்லிங் செல்லாது.

ஆன் பாசானுக்கு: கறுப்புச் சிப்பாய் 5ஆம் கிடைவரிசையில், அதன் பின்னால் இரண்டு கட்டமும் காலி, வெள்ளையின் முறை. இது வாசல்தான். பிறகு அதே சிப்பாயின் ஒற்றைப் படி, வெட்டு உட்பட, கறுப்பின் கடைசி நகர்வாக இருந்திருக்கக்கூடிய மற்ற ஒவ்வொன்றையும் மறுக்க வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் வெட்டு செல்லாது.

அறிகுறி: செயலி ஏற்றுக்கொண்டது, மனம் ஏற்கவில்லை

ஸ்டாக்ஃபிஷ் போன்ற இன்ஜின்கள் இங்கிருந்து எப்படி ஆடுவது என்று பார்க்கும், எப்படி வந்தது என்று பார்ப்பதில்லை. மேலே சொன்ன சி3, எஃப்3 நிலைக்கும் அது கூசாமல் மதிப்பெண் போடும். எனவே செயலியின் ஒப்புதலைச் சான்றாக எடுக்காதீர்கள். மறுத்தால் மட்டும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ராஜா எண்ணிக்கையோ, தப்பான ஆளுக்குச் செக்கோ காரணமாக இருக்கும்.

அறிகுறி: எல்லாச் சோதனையும் தாண்டியும் தீரவில்லை

இப்போது ஆட்டத்தைக் கட்டிப் பார்க்கும் நேரம். முதலில் சிப்பாய் வெட்டுகளின் வரிசையை முடிவு செய்யுங்கள்: எந்தச் சிப்பாய் முதலில் விலகினால் எதிர்ச் சிப்பாய்க்கு வழி திறக்கும், அது காயாகி எங்கே பலியாகும். பிறகு அந்தப் பலிகளை அந்தந்தக் கட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ராஜாவையும் யானைகளையும் கடைசியில் இடத்தில் அமர்த்துங்கள். குறைந்த நகர்வு தேவையில்லை, முறை தவறாமல் போய்ச் சேர்ந்தால் போதும். ஒரு நகர்வு மட்டும் கூடவோ குறையவோ இருந்தால் ராஜாவை மூன்று நகர்வில் முக்கோணம் சுற்ற விட்டுச் சரிசெய்யலாம்.

கை ஓய்ந்தால் நிரலிடம் கொடுக்கலாம். நட்ச், யூக்லிட் இரண்டும் குறித்த நகர்வு எண்ணிக்கைக்குள் ஒரு நிலைக்குப் போய்ச் சேரும் ஆட்டத்தைத் தேடவே எழுதப்பட்டவை. வெட்டும் பதவி உயர்வும் நிறைந்து, பாதை நீண்டதாகிவிட்டால் அவையும் திணறும். அப்போது பின்னோக்கு ஆய்வில் பழகிய புதிர் அமைப்பாளர் ஒருவரிடம் கொடுங்கள். வெறும் படத்தை அனுப்பாமல், யார் முறை, இதுவரை போட்ட வெட்டுக் கணக்கு, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பவற்றையும் எழுதி அனுப்பினால் அவர் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

வகுப்புக்கான புதிர் என்றால் இவ்வளவு தூரம் போகாதீர்கள். சந்தேகம் தரும் சிப்பாயை ஒரு கட்டம் மாற்றி, கணக்கு வெளிப்படையாகத் தேறும் வேறு நிலையை அச்சிடுங்கள்.